யாரும் வர வேண்டாம் என்று எழுதியவர்

கித்தில் தன் ஊருக்கு எழுதிய கடிதங்கள் எல்லாமே ஒரே மாதிரிதான் முடியும்: "ஆகையால் யாரும் இங்கே வர வேண்டாம்." அந்தக் கடிதங்களைக் கேட்டுத்தான் ரூடால் பள்ளத்தாக்கிலிருந்து நாங்கள் ஒரு கூட்டமே கப்பலேறி அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்தோம்.

எங்கள் எல்லோருக்கும் முன்னால் தனியாகப் புறப்பட்டவர் அவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவருடைய அப்பாவின் நிலம் அண்ணன் ஸ்வெய்னுக்குப் போய்விட்டது. இளையவருக்கு மிஞ்சியது ஒரு கோடாலியும் ஒரு கம்பளிச் சட்டையும் வாயும்தான். அந்த வாய் பள்ளத்தாக்கு முழுக்கப் பிரசித்தம். வெயிலடித்தால் கண் கூசுகிறது என்பார், மேகம் வந்தால் இருட்டிக் கிடக்கிறது என்பார். "பொறந்தப்பவே மத்த பிள்ளைங்க மாதிரி இவன் அழல, முணுமுணுத்தான்" என்று அவருடைய அம்மா இங்கெரித் சொல்வார். அந்த அம்மாவுக்கு இளைய மகன்மேல்தான் உயிர்.

அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அது ஒரு வீட்டுச் சொத்தாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்துச் சுவர்மேல் ஏறி நின்று உபதேசியார் அதைச் சத்தமாகப் படிப்பார். பிறகு யாராவது வாங்கிப் பிரதி எடுப்பார்கள். அது மலைமேல் ஆட்டுப்பட்டி வரைக்கும் போய், மடிப்பெல்லாம் கிழிந்து, புகையும் வெண்ணெயும் மணக்க இங்கெரித் அம்மாவிடம் திரும்பி வரும்.

எனக்கு அப்போது கல்யாண வயது. பண்ணையார் வீட்டில் மாட்டுக்கொட்டில் வேலை. கித்திலின் முதல் கடிதம் படிக்கப்பட்ட அன்று நானும் கூட்டத்தில் நின்றேன். அதில் இப்படி இருந்தது:

"அன்புள்ள அம்மாவுக்கும் அண்ணனுக்கும். உயிரோடு இருக்கிறேன், மற்றபடி சொல்லிக்கொள்ள நல்லது ஒன்றுமில்லை. இந்த ஊரில் உட்கார ஒரு கல் கிடையாது. ஏர் பூட்டி ஓட்டினால் எங்காவது கலப்பை தட்டி நிற்கும், அந்தச் சாக்கில் இடுப்பை நிமிர்த்தலாம் என்று பார்த்தால், மாடுகள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. பொழுதுக்கும் நடந்து கால் வீங்கிவிட்டது. தினமும் வெள்ளைக் கோதுமை ரொட்டி. மெல்லுவதற்கு அதில் என்ன இருக்கிறது? பல்லுக்கு வேலையே இல்லை. பன்றிக்கறி அலுத்துவிட்டது. நிலம் பதிகிற ஆபீசில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றேன். அங்கே இருந்த அதிகாரி, தலை குளிரும் போட்டுக்கொள் என்று ஜாடை காட்டிவிட்டு, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மரியாதை தெரியாத தேசம். பெரிய மனிதன் யார், சின்ன மனிதன் யார் என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. ஆகையால் யாரும் இங்கே வர வேண்டாம்."

உபதேசியார் படித்து முடித்தார். பிறகு தல்லாக் என்ற குத்தகைக்காரர் முன்னால் வந்தார். மலைச்சரிவில் அவருக்கு ஒரு துண்டு நிலம். அவருடைய தாத்தா, அப்பா, அவர் என்று மூன்று தலைமுறையாக அதிலிருந்து கல் பொறுக்கி, கல் பொறுக்கி, நிலத்தைவிட வேலிச்சுவர்தான் அகலமாக நின்றது.

"அந்தக் கல்லு சமாச்சாரத்த இன்னொருக்கா படிங்க" என்றார் தல்லாக்.

உபதேசியார் மறுபடி படித்தார். "உட்கார ஒரு கல் கிடையாது."

"ஒரு கல்லு கூடவா?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்."

தல்லாக் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வசந்தத்தில் மனைவி ஹெகெயையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்படுவதாகச் சொல்லிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சில குடும்பங்கள் கிளம்பின.

என்னை இழுத்தது கல் அல்ல, தொப்பி. கோடையிலும் மழையிலும் பண்ணையார் முற்றத்தில் தொப்பியைக் கையில் பிடித்து நிற்கிற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். நரைத்த தலையில் மழை வழியும். பண்ணையார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்துத்தான் வெளியே வருவார். என் அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்றால் அதைப் பார்க்காமல் சாகக்கூடாது என்று நினைத்தேன். அப்பா இறந்த பிறகு, ஹெகெயின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவர்களோடு ஒட்டிக்கொண்டேன்.

கடலையும் ரயிலையும் தாண்டி, கடைசியில் மாட்டுவண்டியில் அந்த ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தோம். கண்ணுக்கு எட்டின மட்டும் புல். வீடென்று எதையும் காணோம். நரி வளையிலிருந்து வருவது மாதிரி ஒரு மேட்டுக்குள்ளிருந்து கித்தில் வெளியே வந்தார். புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய வீடு அது. கூரையிலும் புல் முளைத்திருந்தது. தாடி நெஞ்சு வரை தொங்க, வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏன்யா வந்தீங்க? வராதீங்கன்னுதான எழுதினேன்."

"நீ எழுதினதக் கேட்டுத்தான் வந்தோம்" என்றார் தல்லாக்.

"காதுல பஞ்ச வச்சுக்கிட்டுக் கேட்டீங்களாக்கும்?"

தல்லாக் வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்தார். ஓரிடத்தில் குத்தினார். பிடி வரைக்கும் இறங்கிற்று. நாலெட்டு தள்ளிப் போய் இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கும் இறங்கிற்று. அப்படியே குத்திக்கொண்டே போனார்.

"என்னத்தத் தேடுற?" என்று கித்தில் பின்னாலேயே போனார்.

"கல்லு."

"அதான் இல்லன்னு எழுதினேனே."

"நீ புளுகுறேன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தல்லாக் அந்தக் கறுப்பு மண்ணில் உட்கார்ந்து அழுதார். கித்திலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஈர மண்ணு, உக்காந்தா மூலம் வரும்" என்று சொல்லிக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அந்தக் கோடை முழுவதும் அவர் தன் வேலையை விட்டுவிட்டு எங்களுக்கு வீடு கட்டினார். ஒவ்வொரு மண்கட்டியை வெட்டும்போதும் ஒரு முணுமுணுப்பு. எங்கள் மண்வெட்டி மொட்டை, எங்கள் மாடு சோம்பேறி, எங்கள் பிள்ளைகள் கண்ட இடத்தில் ஓடுகின்றன. ஆனால் இருட்டும்வரை மண்வெட்டியைக் கீழே வைக்க மாட்டார். அந்தப் பிள்ளைகளில் ஒன்று எப்போதும் அவர் தோளில் உட்கார்ந்திருக்கும்.

வீடுகள் முடிந்த பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. அவருடைய வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், நல்ல தூரம். நடந்து வந்து, ஹெகெயின் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுக்கும் காப்பியைக் குடிப்பார்.

"ரொம்பக் கசப்பா இருக்கு. இதக் குடிச்சா மனுசனுக்குத் தூக்கம் எப்படி வரும்?" என்பார். சொல்லிவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டுவார்.

இலையுதிர் காலம் முழுவதும் இது நடந்தது. ஒருநாள் நான் காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கொற சொல்றதுக்குன்னே இம்புட்டுத் தூரம் நடந்து வர்றீங்களே. கிட்டத்துல இருந்தா வசதியா இருக்கும்ல?"

"கிட்டத்துலன்னா?"

"ஒரே வீட்டுல."

ஹெகெ மாவு பிசைவதை நிறுத்திவிட்டாள். கித்தில் கோப்பைக்குள் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"என் வீட்டுக் கூரை ஒழுகும்."

"தெரியும். கடுதாசியில கேட்டேன்."

"பாம்பு விழும். போன வருசம் கூழ்ப்பானைக்குள்ள விழுந்துச்சு."

"அதுவும் கேட்டேன்."

"அப்ப சரி. தெரிஞ்சேதான் வர்ற. பின்னாடி என்னச் சொல்லாத." ஊர் ஊராகச் சுற்றி வரும் பாதிரியார் அந்தப் பக்கம் வந்ததும் எங்கள் கல்யாணம் நடந்தது. பாதிரியாரின் ஜெபம் நீளம் என்று மாப்பிள்ளை குறைப்பட்டுக்கொண்டார்.

நல்ல வருஷங்கள் வந்தன. கோதுமை இடுப்புயரம் நின்றது. அவர் ஊருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கதிரின் கனத்தில் தாள் சாய்கிறது, அறுக்கக் குனிந்து குனிந்து முதுகு போயிற்று. மனைவி வாயாடி. மகள் பிறந்திருக்கிறாள், நாள் முழுக்க ஓயாமல் கத்துகிறாள், நல்ல தொண்டை. யாரும் வர வேண்டாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு குடும்பமாவது வந்து இறங்கும். ஓடைக்கரை எங்கள் ரூடால் பேச்சால் நிறைந்தது.

பிறகு வெட்டுக்கிளி வந்தது.

கதிர் முற்றி அறுக்க வேண்டிய நேரம். மேற்கே ஒரு மேகம் எழும்பியது. மழையென்றுதான் நினைத்தோம். அது மினுமினுத்தது. பிறகு இறங்கியது. கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோலச் சத்தம். வெளியே போனால் முகத்திலும் கழுத்திலும் பாவாடைக்குள்ளும் ஏறின. அவை மெல்லுகிற ஓசை காடு எரிகிற ஓசை மாதிரி இருந்தது. கோதுமையைத் தின்றன. உருளைச் செடியைத் தின்றன. வெங்காயத்தை மண்ணுக்குள் போய்த் தின்றுவிட்டு, வெங்காயம் இருந்த இடத்தில் குழியை விட்டுப்போயின. கொடியில் காயப்போட்ட என் பச்சைச் சால்வை நூல்நூலாகத் தொங்கியது. போகும்போது மண்ணெல்லாம் முட்டையிட்டுவிட்டுப் போயின.

எல்லோரும் கிணற்றடியில் கூடினோம். ஹெகெ வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கித்திலைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

"உங்க வாய நம்பி வந்தோம். ஊர்ல மரப்பட்டையாவது இருந்துச்சு அரைச்சுத் திங்க. இங்க மரமும் இல்ல."

நான் காத்திருந்தேன். வராதீங்கன்னுதானே எழுதினேன் என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் ஹெகெ பதிலுக்குத் திட்டியிருப்பாள், இவர் முணுமுணுத்திருப்பார், கொஞ்சம் சிரிப்புக்கூட வந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் குறை சொல்வதை விட்டுவிட்டார்.

தண்ணீர் மாதிரிக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "நல்லா இருக்கு" என்றார். வறுத்த பார்லியில் காப்பி என்று ஏதோ காய்ச்சிக் கொடுத்தேன். எனக்கே குமட்டியது. அவர் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு, குன்வோர்" என்றார். நான் வெளியே போய் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். வெட்டுக்கிளி வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

சில நாள் கழித்து மேஜையில் உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதினார். வழக்கமாகத் தாளின் ஓரத்திலும் குறுக்கிலும்கூட எழுதி நிரப்புகிறவர், அன்று பாதித் தாளில் முடித்துவிட்டார். என்னிடம் காட்டினார். "நாங்கள் எல்லோரும் சௌக்கியம். வானிலை நன்றாக இருக்கிறது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை." அவ்வளவுதான்.

"வெட்டுக்கிளியப் பத்தி ஒரு வார்த்த இல்லையே" என்றேன்.

"தெரிஞ்சா அவங்க என்ன பண்ணுவாங்க? அவங்களே அரை வயித்துக்குச் சாப்பிடுறாங்க. அம்மா ராத்தூக்கம் இல்லாமக் கெடப்பா." பேனாவைத் துடைத்தார். "இந்த சனங்கள இங்க கொண்டாந்து விட்டது நான், குன்வோர்."

"வர வேண்டாம்னுதான எழுதினீங்க?"

"எழுதினேன்." பேனாவை மேஜைமேல் வைத்தார். "ரெண்டு குளிர்காலம் இங்க தனியாக் கெடந்தேன். மாட்டுக்கிட்டத்தான் பேச்சு. யாராவது ஒருத்தர் வந்துற மாட்டாங்களான்னு இருந்துச்சு. வாங்கன்னு எழுதிட்டு, வந்தவங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா? அதான் அப்படி எழுதினேன். ஆனா எழுதுறப்பல்லாம் வரணும்னு நெனச்சுக்கிட்டேதான் எழுதினேன்."

நான் அவர் தலையில் கை வைத்தேன்.

குளிர் தொடங்குமுன் அவரும் தல்லாக்கும் கிழக்கே மரம் வெட்டும் கூலிக்குப் போனார்கள். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் தல்லாக் கூலிக்கு அங்கேயே தங்கிவிட, கித்தில் மட்டும் கால்விரல்கள் பனியில் கறுத்துப்போய்த் திரும்பி வந்தார். கட்டிலில் கிடந்தார். வலிக்கிறதா என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். வெட்டுக்கிளி போன பிறகு விதைத்த டர்னிப் கிழங்கும் உப்பும் தின்று நாட்களைக் கழித்தோம். பெண் குழந்தையின் கன்னம் ஒட்டிவிட்டது.

அதே சமயத்தில் ரூடாலில் நடந்ததை ஸ்வெய்ன் பிறகு எழுதித்தான் தெரிந்துகொண்டோம். கித்திலின் கடிதம் வந்ததென்று கோயில் வளாகத்தில் கூட்டம் கூடியிருக்கிறது. சிரிக்கலாம் என்று முன்கூட்டியே வாயைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். உபதேசியார் படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

இங்கெரித் அம்மா, "இது என் பிள்ள எழுதினது இல்ல" என்றாராம்.

"கையெழுத்து அவனோடதுதான் அம்மா."

"கை அவனோடது. சின்னதுல ஒருதரம் நெஞ்சுச்சளி வந்து சாகக் கெடந்தான். அன்னிக்குத்தான் 'எனக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன்'னு சொன்னான். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நல்லா இருக்கேன்னு அவன் சொல்லி நான் கேட்டதில்ல. அங்க என்னமோ நடந்துருச்சு."

அந்த வளாகத்தில் ஒருவரும் அந்த அம்மாவோடு வாதாடவில்லை. அவர்கள் எல்லோருக்கும் கித்திலைத் தெரியும். அம்மா அன்றே ஸ்வெய்னை உட்காரவைத்து, எங்களுக்குக் கிழக்கே விஸ்கான்சினில் வெகுநாளாகக் குடியிருக்கும் தன் அக்காள் மகன் ஆன்பின்னுக்கு எழுதச் சொன்னார். கித்தில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறான், உடனே போய்ப் பார். ஊரிலிருந்து ஓடைக்கரைக்குப் போன குடும்பங்களின் பெயர்களையும் ஒன்றுவிடாமல் சேர்க்கச் சொன்னார். விஸ்கான்சின்காரர்கள் வெட்டுக்கிளி பற்றிப் பத்திரிகையில் படித்திருந்தார்கள். ஆனால் ரூடால்காரர்கள் அதற்கு நடுவில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அங்கே சபையில் செய்தி சொன்னதும் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்றைக் கட்டினார்கள்.

பனி இறுகிக் கிடந்த ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் மணிச் சத்தம் கேட்டது. பனிச்சறுக்கு வண்டிகள். ரயிலடியிலிருந்து வந்திருந்தன. முன்வண்டியிலிருந்து தாடியெல்லாம் உறைபனியாக ஒரு குண்டு மனிதர் இறங்கி உள்ளே வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார்.

"கித்தில்னு ஒருத்தர். உசுரோட இருக்காரா?"

"நாந்தான். என்ன விசயம்?"

"நான் ஆன்பின். உங்க பெரியம்மா மகன். உங்களுக்கு என்ன சீக்குன்னு பாத்துட்டு வரச் சொல்லிச் சித்தி எழுதியிருக்காங்க."

"எனக்கு என்ன சீக்கு?"

"நல்லா இருக்கேன்னு எழுதினீங்களாமே."

கித்தில் எழுந்து உட்கார்ந்தார். போர்வையைச் சுற்றிக்கொண்டு, அந்தக் காலோடு நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். மாவு மூட்டைகள், உப்புக்கறிப் பீப்பாய், கம்பளிக் கோட்டுகள், அவற்றுக்கு அடியில் விதைக் கோதுமை. மூட்டைகளின் மேல் ஓடைக்கரை வீடுகளின் பெயர்கள் எழுதியிருந்தன, ஒன்றுவிடாமல். சத்தம் கேட்டு ஹெகெயும் மற்றவர்களும் பனியில் ஓடி வந்தார்கள். கித்தில் ஒரு மூட்டையை அவிழ்த்து, ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பழைய மாவு" என்றார். "காரல் அடிக்குது."

ஹெகெ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாடி, பொழச்சுட்டாரு" என்றாள்.

நான் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. ஆன்பின் மட்டும் ஒன்றும் புரியாமல், "நல்ல மாவுதாங்க, போன மாசம் அரைச்சது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அம்மாவுக்கு ஒரு கடிதம் போயிற்று. ஓரத்திலும் குறுக்கிலும் எழுதிய கடிதம். வெட்டுக்கிளியின் கால், வாய், நாற்றம் எதையும் விடவில்லை. ஆன்பின் நாலு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறார், குறட்டையில் கூரை மண் உதிர்கிறது. கோட்டின் கை நீளம். வேளாவேளைக்குப் பயப்படுகிற அம்மாக்களால் பிள்ளைகளுக்கு எவ்வளவு தலைகுனிவு. கடைசியில் சிறிய எழுத்தில், "அம்மா, நீ கண்டுபிடித்துவிட்டாய்" என்று எழுதியிருந்தார். இங்கெரித் அம்மா அந்தக் கடிதத்தை யாருக்கும் பிரதி எடுக்கக் கொடுக்கவில்லையாம்.

வெட்டுக்கிளி அடுத்த கோடையிலும் வந்தது, அதற்கு அடுத்ததிலும் வந்தது. சில குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு கிழக்கே போய்விட்டன. போகிறவர்களுக்குக் கித்தில்தான் வண்டிச் சக்கரத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தார், அவர்கள் முட்டாள்கள் என்று சொல்லிக்கொண்டே. தல்லாக் போகவில்லை. இவ்வளவு நல்ல மண்ணைப் பூச்சிக்குப் பயந்து விடுவதா என்று கேட்டார். பிறகு ஒரு ஜூன் மாதம் அவை எழும்பிப் பறந்தன, திரும்பி வரவில்லை.

நாங்கள் மரவீடு கட்டினோம். பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தார்கள். இங்கெரித் அம்மா ஊரிலேயே கண்ணை மூடினார். அந்தச் செய்தி வந்த அன்று கித்தில் நாள் முழுக்க வேலி கட்டினார். யாரும் அவரோடு பேசவில்லை. தல்லாக் மட்டும் போய் மறுபக்கத்திலிருந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கித்தில் அறுவடைக் காலத்தில் இறந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு களத்து ஓரத்தில் சற்றுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஸ்வெய்னுக்கு நான்தான் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அவர் மாதிரி எழுத வராது. யார் யார் அடக்கத்துக்கு வந்தார்கள் என்று எழுதினேன். பிள்ளைகளின் பெயர்களை மூத்ததிலிருந்து எழுதினேன். அவர் கடைசியாகச் சாப்பிட்டது புது மாவில் சுட்ட ரொட்டி, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், கையில் துண்டு மிச்சம் இருந்தது என்று எழுதி, உறையை ஒட்டினேன்.